திரைக்கு வெளியே போன 'இல்லை'

வீட்டில் தாமே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம். தகுதி பார்க்கும் சர்வேயைக் கைபேசிக்கு அனுப்பினோம். அதில் ஒரு கட்டக் கேள்வி. இடப்பக்கம் மேலிருந்து கீழாக மாத்திரை, இன்சுலின் ஊசி, சித்த மருந்து, நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு. மேலே குறுக்காகத் 'தினமும்', 'வாரத்தில் சில நாள்', 'எப்போதாவது', 'இல்லை'. ஊசி வரிசையில் 'இல்லை' தவிர எதைத் தொட்டாலும் தகுதி.

அப்படித் தகுதி பெற்று, இரண்டு பஸ் மாறி வந்த ஓர் அம்மாவிடம் ஊசியைப் பற்றிப் பேச்செடுத்தேன். "ஊசியா? நான் மாத்திரை மட்டும்தான் போடுறேன் தம்பி" என்றார். அவருடைய போனிலேயே படிவத்தைத் திறந்து பார்த்தேன். 'எப்போதாவது' என்பதோடு திரை முடிந்துவிட்டது. 'இல்லை' வலப்பக்கம், விரலால் தள்ளினால்தான் தெரியும் இடத்தில் கிடந்தது. எல்லா வரிசைக்கும் பதில் கட்டாயம் என்று வேறு வைத்திருந்தோம். இருப்பதில் 'இல்லை'க்குப் பக்கமாகப் பட்டதைத் தொட்டிருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அதற்காகக் கட்டக் கேள்வியே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரைத் தேடுகிறோம் என்பதை மறைக்க அதைப்போல் கைகொடுப்பது வேறில்லை. "இன்சுலின் போடுகிறீர்களா?" என்று நேராகக் கேட்டால், ஊக்கத்தொகை இருக்கிறது என்று தெரிந்தவருக்குச் சரியான பதில் எது என்பதும் தெரிந்துவிடும். ஐந்து வரிசைக்குள் ஒன்றாக வைத்தால் எது வாசல் என்று கண்டுபிடிப்பது சுலபமல்ல. இன்னொரு பலமும் உண்டு. 'பொருந்துவதை எல்லாம் டிக் செய்க' என்று பட்டியலைக் கொடுத்தால் பலர் மேலே இரண்டு மூன்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வரிசைக்கு வரிசை 'ஆம், இல்லை' கேட்டால் ஒவ்வொன்றையும் நின்று பார்க்கிறார்கள். 'ஆம்' கூடுதலாக வருகிறது. ஜோலீன் ஸ்மைத், டான் தில்மன் முதலானோர் 2006இல் வெளியிட்ட ஒப்பீடு இதைத்தான் காட்டியது.

ஆனால் கட்டம் என்கிற அமைப்பே பதிலை வளைக்கவும் செய்கிறது. ரோஜர் டுராஞ்சோ, மிக் கூப்பர், ஃப்ரெட் கான்ராட் மூவரும் 2004இல், ஒரே எட்டுக் கேள்விகளை ஒரே கட்டமாகவும் தனித்தனித் திரைகளிலும் கேட்டுப் பார்த்தார்கள். கட்டத்தில் வைத்தபோது பதில்கள் ஒன்றையொன்று கூடுதலாக ஒத்திருந்தன. பக்கத்தில் இருப்பதெல்லாம் ஒரே இனம் என்று கண் முடிவு செய்துவிடுகிறது. களைப்பு சேர்ந்தால், ஒரே நெடுவரிசையில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. யோசித்துச் சொல்வதற்குப் பதிலாக 'இது போதும்' என்று பதிலாளர் நின்றுவிடும் இந்த இயல்பை ஜான் க்ரோஸ்னிக் 1991இலேயே விரிவாக விளக்கியிருக்கிறார்.

இவை பொதுவாக எல்லா சர்வேக்கும் சொல்லப்படும் குறைகள். ஆள் தேர்வு என்று வரும்போது விஷயம் இன்னும் தீவிரமாகிறது. இதை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். முழு சர்வேயில் ஒருவர் ஒரு வரிசையைத் தவறாகத் தொட்டால் ஆயிரம் பேரில் அது கரைந்துபோகலாம். தேர்வு சர்வேயில் அந்த ஒரே வரிசைதான் ஆளை உள்ளே விடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 பேரில் நாம் தேடும் ஆட்கள் 20 பேர்தான் என்று வைத்துக்கொள்வோம். மீதி 980 பேரில் 100க்கு 3 பேர் கைதவறித் தொட்டால் 29 பேர். 20 பேரும் சரியாகவே பதில் சொல்லியிருந்தாலும், உள்ளே வரும் 49 பேரில் பாதிக்கு மேல் தவறான ஆட்கள். தேடும் ஆள் எவ்வளவு அரிதோ, சிறு கைப்பிசகு அவ்வளவு பெரிதாகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், விரும்பியவர் சேரும் இணைய சர்வேயில் 30 வயதுக்குட்பட்டவர்களில் 12 சதவீதம் பேர் அணு நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உரிமம் இருப்பதாகச் சொன்ன தகவல் இருக்கிறது. அது கட்டக் கேள்வியால் வந்த கோளாறு அல்ல. ஆனால் அரிதான ஒன்றுக்கு வரும் 'ஆம்' எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்கு அதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படும் பிஎச்க்யூ-9 படிவமும் கட்டம்தான்: ஒன்பது வரிசை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். எல்லா வரிசைக்கும் 'கடந்த இரண்டு வாரம்' என்ற ஒரே காலம், ஒரே அளவுகோல். இதற்குக் கட்டத்தைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஆனால் எல்லா வரிசையும் ஒரே திசையில் இருப்பதால், ஒன்பதிலும் '0' தொட்டவர் நலமாக இருக்கிறாரா, படிக்காமல் இழுத்தாரா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய கேள்வி, கை ஓய்ந்துபோகும் கடைசி வரிசையில் இருக்கிறது. அந்த ஒரு வரிசையையாவது யாராவது வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

தமிழில் கேட்கிறவர்களுக்குத் தனிச் சிக்கலும் உண்டு. 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்பதைக் கைபேசித் திரையில் ஐந்தில் ஒரு பங்கு அகலத்துக்குள் அடைக்க முடியாது. எழுத்து மூன்று வரியாக உடையும், அல்லது கடைசி நெடுவரிசை வெளியே போகும். கணினியில் அழகாக அமைத்துவிட்டு அனுப்புகிற நமக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

இப்போது நாங்கள் கட்டத்தை ஐந்து வரிசைக்கு மேல் விடுவதில்லை. நெடுவரிசை மூன்றுதான், 'இல்லை' முதலில். விலை குறைந்த சிறிய போன் ஒன்றில் நிரப்பிப் பார்த்த பிறகே அனுப்புகிறோம். ஊசி வரிசையில் தேறியவரைக் கூப்பிட்டு, "கடைசியா எத்தனை யூனிட் போட்டீங்க?" என்று கேட்கிறோம். போடுகிறவர்கள் எண்ணை உடனே சொல்லிவிடுகிறார்கள்.