சீருடைக்கு வெளியே: ‘என்னை அறிந்தால்’ திரைப்படத்தில் துப்பறிதலும் கடந்தகாலமும்

காவல் பணியைத் துறந்து தனிநிலையில் துப்பறியும் மாந்தர், தமிழ்த் துப்பறியும் புனைவில் அரிதாகவே முதன்மை பெறுகின்றனர். தேவனின் சாம்பு வங்கி எழுத்தராக இருந்தவர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் துப்பறியும் நிறுவனம் நடத்தும் இளையோர். இவர்களுக்குக் குற்றம் என்பது பிறருடைய சிக்கல். வழக்கு முடிந்ததும் அது அவர்களை விட்டு நீங்கிவிடுகிறது. அமெரிக்க மரபின் நிலை வேறு. ‘சைனாடவுன்’ (1974) திரைப்படத்தின் கிட்டிஸ் முன்னாள் காவலர். பணிக்காலத்துத் தோல்வியே அவரைத் தொடர்கிறது. இந்தியாவில் தனியார் துப்பறியும் முகமைகளை முறைப்படுத்த 2007-இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட முன்வரைவு சட்டமாகவில்லை. அதிகாரமோ உரிமமோ அற்ற இத்தொழில் தமிழ்ப் புனைவில் காவல்துறை நண்பரின் தயவை நாடி நிற்பதில் வியப்பில்லை.

இப்பின்னணியில், கௌதம் வாசுதேவ் மேனன் இயக்கிய ‘என்னை அறிந்தால்’ (2015) கவனத்திற்குரியது. மணம்புரியவிருந்த ஹேமானிகா கொல்லப்பட்டபின் சத்யதேவ் சீருடையைக் களைகிறார். அவளுடைய மகள் ஈஷாவை வளர்க்கிறார். நண்பரின் மகள் காணாமற்போக, அவளைத் தேடும்போது பதவி இல்லை, பயிற்சி மட்டுமே எஞ்சியிருக்கிறது. அப்பகுதியில் படம் துப்பறியும் கதையாக உருக்கொள்கிறது. எனினும் அவர் துப்பறிவாளராவதில்லை, தந்தையாகவே இருக்கிறார். ‘காக்க காக்க’ (2003), ‘வேட்டையாடு விளையாடு’ (2006) ஆகியவற்றிலும் நாயகனின் காயம் மனைவியின் இழப்பே. அவ்வரிசையில் இப்படம் புதிதாகச் சேர்ப்பது குழந்தையை. (ஈஷாவுடனான பயணக் காட்சிகள், பாடலுக்கெனச் சேர்க்கப்பட்டவை போலத் தோன்றினும், படத்தின் உண்மையான மையம் அவையே.)

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. சத்யதேவை அலைக்கழிக்கும் கடந்தகாலம் அவருக்கு இழைக்கப்பட்டதேயன்றி அவர் இழைத்ததன்று. ஆனால் அவர் இழைத்த ஒன்று கதைக்குள்ளேயே கிடக்கிறது. உடலுறுப்புக் கடத்தல் கும்பலுக்குள் நுழைய, விக்டரின் நட்பை அவர் கருவியாக்கினார். அந்நட்பின் துரோகமே விக்டரின் பகைக்கும் ஹேமானிகாவின் கொலைக்கும் வித்து. கடமையின் பெயரால் செய்யப்பட்ட ஒரு வஞ்சகத்தின் விலையைக் குற்றமற்ற ஒருத்தி செலுத்தினாள் என்ற உண்மையை நாயகன் ஒருமுறையேனும் எதிர்கொண்டிருந்தால், படத்தின் தலைப்பு முழுப்பொருள் பெற்றிருக்கும். மாறாக, விக்டரின் வன்மம் மிகுதியாக்கப்பட்டு, நாயகனின் பொறுப்பு மறைக்கப்படுகிறது. அருண் விஜயின் நடிப்பில் தெறிக்கும் ஏமாற்றப்பட்டவனின் வலி, திரைக்கதை ஒப்புக்கொள்ளாததைப் பார்வையாளருக்கு உணர்த்திவிடுகிறது.

கார்த்திக் நரேனின் ‘துருவங்கள் பதினாறு’ (2016) இவ்விடத்தில் துணிவானது. கால் இழந்து ஓய்வுபெற்ற அதிகாரி தீபக், பழைய வழக்கொன்றை இளைஞன் ஒருவனிடம் நினைவுகூர்கிறார். ஈற்றில் கதைசொல்லியின் நேர்மையே விசாரணைக்கு உள்ளாகிறது. அங்கே துப்பறிபவரும் துப்பறியப்படுபவரும் ஒருவரே. சத்யதேவுக்கு அத்தகைய கேள்வியை விடுப்பவர் எவருமில்லை; விடுத்திருக்கக்கூடிய ஒரே மனிதன் விக்டர், அவனையோ கதை வில்லனாக்கிவிட்டது.