ஒக்கோகுவான்: ஒன்பதில் ஒரு பங்குக் காவல்

வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி, வர்ஜீனியா மாநிலத்தில் வேகமாக வளர்ந்த பகுதிகளில் ஒன்று. குடிநீர் தரும் ஒக்கோகுவான் நீர்த்தேக்கத்தைக் காக்க 1982-இல் அது ஏறத்தாழ 41,000 ஏக்கரில் ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்று விதித்தது. நில உடைமையாளர்கள் வழக்குத் தொடுத்தும் விதி நிலைத்தது. இந்தத் துணிச்சல் நீரைக் காத்ததா?

விதியின் அடிப்படை சரியானது. 1978-இலேயே சிறு கழிவுநீர் நிலையங்களை மூடி, உயர்தரச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். குழாயில் வந்த அழுக்குக்கு அது மருந்து. மழையோடு வருவதற்கு அது போதாது. கூரையும் தாரும் மூடிய நிலத்தில் மழை உள்ளே இறங்காது. ஓடையில் ஒரேயடியாகப் பாய்ந்து கரையை அரிக்கும். அரித்த வண்டல் பாஸ்பரஸைச் சுமந்துபோய்த் தேக்கத்தில் பாசியை வளர்க்கும். மனைப்பிரிவுக்குள் வெட்டும் குளம் அந்த வேகத்தைத் தணிக்குமே தவிர, காடு உறிஞ்சிய அளவுக்கு உறிஞ்சாது. ஆகவே நிலத்தை மூடாமல் விட்டதே ஃபேர்ஃபாக்ஸ் செய்த நல்ல காரியம். ஐந்து ஏக்கர் வாங்க வசதியுள்ளவருக்கே அங்கே இடம் என்பது அதன் கசப்பான பக்கம்.

பெரிய குறை வேறு. நீர்ப்பிடிப்புப் பகுதி 570 சதுர மைலுக்கும் மேல். 41,000 ஏக்கர் என்பது 64 சதுர மைல், ஒன்பதில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி அண்டைக் கவுண்டிகளில். அவற்றுள் பிரின்ஸ் வில்லியமில் 1980-இல் சுமார் 1,45,000 பேர். 2020-இல் 4,82,000 பேர். அங்கேயும் 1998-இல் பத்து ஏக்கருக்கு ஒரு வீடு என்று கிராமப்புற வளையம் வகுத்தார்கள். ஃபேர்ஃபாக்ஸைவிடக் கடுமையான விதி. ஆனால் 2023 டிசம்பரில் அந்த வளையத்துக்குள்ளேயே, மனாசஸ் போர்க்களத்தை ஒட்டிய சுமார் 1,760 ஏக்கரில், டேட்டா சென்டர்கள் கட்ட அதே கவுண்டியின் நிர்வாகக் குழு ஒப்புதல் கொடுத்தது. 2025-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொது அறிவிப்பு முறைப்படி வெளியாகவில்லை என்பதே காரணம். மண்ணோ நீரோ அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையாக இருக்கவில்லை. அறிவிப்பைச் சரியாகக் கொடுத்திருந்தால் அந்த வாதம் எழுந்திருக்காது. பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரை இப்படி ஒரு நடைமுறைப் பிழையின் தயவில் விடுவது பொறுக்கத்தக்கதல்ல.

1982-இன் விதியைத் தளர்த்தக் கூடாது, அதை முழு வெற்றி என்று கொண்டாடவும் கூடாது என்பதே என் முடிவு. நீர்ப்பிடிப்பு முழுவதற்கும் மூடிய நிலத்தின் உச்சவரம்பை மாநிலம் சட்டமாக்க வேண்டும். எந்தக் கவுண்டியும் தன் வாக்கு ஒன்றினால் மட்டும் அதைத் தளர்த்த முடியாதபடி, ஏனைய கவுண்டிகளின் இசைவையும் அந்தச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.