கம்பியில் கட்டிய வேகம்

ஓட்டுநர் கிடையாது, ரிமோட்டும் கிடையாது. 1930களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சூடுபிடித்த பெட்ரோல் மாடல் கார் பந்தயம் இது. நடுக்கம்பத்தோடு எஃகுக் கம்பியால் பிணைத்த கார், செக்குமாடுபோல் அதே வட்டத்தைச் சுற்றும். ஆனால் 1940களிலேயே மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது! லாஸ் ஏஞ்சல்ஸில் டூலிங் சகோதரர்கள் தயாரித்த கார்களுக்கு இன்றும் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு.

கோலால் தள்ளிவிட்டபின் காரின் போக்கில் தலையிட முடியாது. கார்புரேட்டர் ஊசியை எவ்வளவு திருகுவது என்பதை எஞ்சின் சத்தத்தைக் கேட்டு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். நிறுத்துவது இன்னும் வேடிக்கை: பறந்துவரும் காரில் நீட்டியிருக்கும் சிறு நெம்புகோலைத் துடைப்பத்தால் தட்டினால் எஞ்சின் அணையும். இந்தப் பந்தயத்தில் ஜெயிப்பது பட்டறையில் செலவழித்த பொறுமைதான்.