பீட்டில் எஞ்சின் டியூனிங்: இலங்கையிலும் இந்தியாவிலும்

வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பின்புறம் இருப்பது காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின். அதற்கு ரேடியேட்டர் இல்லை. சூட்டைக் காட்டும் முள்ளும் இல்லை. பெட்ரோல் கலவை மெலிந்து, தீப்பொறியும் முந்தினால், ஓட்டுபவருக்குத் தெரியும் முன்பே எக்சாஸ்ட் வால்வு கருகிவிடும். 1970 வரை வந்த எஞ்சின்களில் ஆயில் கூலர் விசிறிக் காற்றை மறைப்பதால், பெரும்பாலும் மூன்றாம் சிலிண்டர்தான் முதலில் அடிபடும். டியூனிங்கில் காட்டும் கவனமே இந்த எஞ்சினின் ஆயுள்.

வேலையின் வரிசை இரு நாடுகளிலும் ஒன்றே. எஞ்சின் ஆறியபின் டாப்பெட் இடைவெளி 0.15 மி.மீ., அடுத்து பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. என வைக்கப்படும். பிறகு டைமிங். 1300, 1500 சிசி எஞ்சின்கள் பலவற்றில் அது 7.5 பாகை முந்தியிருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் முனைக்கும் பாடிக்கும் இடையே 12 வோல்ட் பல்பை மாட்டி, இக்னிஷனைப் போட்டு, கிராங்க் புல்லியைக் கையால் சுற்ற வேண்டும். புல்லியின் வெட்டுக்குறி, எஞ்சின் உடல் இரண்டாகப் பிரியும் கோட்டுக்கு நேரே வரும் கணத்தில் பல்ப் எரிந்தால் டைமிங் சரி. இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, திருப்பி, இறுக்க வேண்டும். கார்புரேட்டர் கடைசியில்தான். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் கலவைத் திருகை மெல்ல உள்ளே திருக, ஓட்டம் தளரும்; அந்த இடத்திலிருந்து கால் சுற்று வெளியே எடுத்து, ஐடிலிங்கை நிமிடத்துக்கு 850 சுற்றில் நிறுத்துவார்கள்.

வேறுபாடு தொடங்குவது பெட்ரோலில். இந்தியாவில் 2025-இல் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது நாடளாவிய நடைமுறையானது. தூய பெட்ரோலின் ஒரு பங்கு முழுதாய் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 போதும். பழைய ஜெட் அப்படியே இருந்தால் கலவை மெலியும், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி திணறும். 125 எண் மெயின் ஜெட்டை 130 ஆக்கினால் துளையின் பரப்பு சுமார் 8 விழுக்காடு கூடிக் குறை ஈடாகும். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் கெடுக்கும். எஞ்சினுக்கு மேலேயே பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும் என்பதால், ஜெட்டுக்கு முன்பு குழாய்களை மாற்றுவதே முறை.

இந்தியாவில் கார் இறக்குமதி நீண்டகாலம் கட்டுப்பட்டிருந்ததால் பீட்டில்கள் குறைவு. 2021 விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து விண்டேஜாகப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. நின்றுகிடக்கும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; கார்புரேட்டரில் நீரும் அரிப்பும் சேரும். அதனால் அங்கு டியூனிங்குக்கு முன் மிதவைத் தொட்டியைக் கழுவி, ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

இலங்கையில் பீட்டில் இன்றும் சாலையில் ஓடும் வண்டி. அங்கு விற்பது 92, 95 ஒக்டேன் பெட்ரோல். எத்தனால் கலப்பு கட்டாயமில்லை. பீட்டிலின் அமுக்க விகிதம் 7, 7.5 என்ற அளவே என்பதால் 92 தாராளமாகப் போதும். நிறுவனம் குறித்த ஜெட்டையே வைத்துக்கொள்ளலாம். நாளும் ஓடும் எஞ்சினில் தேய்வதோ பாயிண்ட். அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங் பின்தங்கும். எனவே அடிக்கடி பார்க்க வேண்டியது பாயிண்டைத்தான்.

எரிபொருள் மாறினால் டைமிங்கும் மாறும் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. 1990களின் பொருளாதாரத் தடையின்போது அங்கு ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் ஆவியாகாததால், சில துளி பெட்ரோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதன் ஒக்டேன் மிகக் குறைவு. எஞ்சின் தட்டாமலிருக்க டைமிங்கைப் பின்னுக்கு வைக்க வேண்டும்.

புகைச் சான்றிதழ் இரு நாடுகளிலும் கட்டாயம். சோதனையில் தேறுவதற்காகக் கலவைத் திருகை மட்டும் இறுக்குவது தவறு. கார்பன் மோனாக்சைடு குறையும், வால்வு கருகும். டாப்பெட், பாயிண்ட், டைமிங் மூன்றும் சரியாக இருந்தால், கலவை தன் அளவில் நின்றே வண்டி தேறிவிடும்.