கிரைம்டவுன் (வலையொலித் தொடர்)

கிரைம்டவுன், அமெரிக்க நகரங்களில் குற்றக்கும்பலும் அரசியலும் பின்னிக்கிடந்த வரலாற்றைச் சொல்லும் ஆவண வலையொலித் தொடர். மார்க் ஸ்மெர்லிங், சாக் ஸ்டூவர்ட்-பாண்டியர் இருவரும் உருவாக்கிய இத்தொடர் 2016 நவம்பரில் தொடங்கியது. முதல் பருவம் ரோட் தீவு மாநிலத்தின் தலைநகரான பிராவிடன்ஸைப் பற்றியது. 2018இல் வந்த இரண்டாம் பருவம் டெட்ராய்ட்டைப் பற்றியது.

உள்ளடக்கம்

முதல் பருவத்தின் மையம் மேயர் பட்டி சியான்சி. மாஃபியா தலைவர் ரேமண்ட் பேட்ரியார்க்காமீது வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் இவர். ஊழலை ஒழிப்பேன் என்று கூறி 1974 தேர்தலில் வென்றார். ஒருவரைத் தாக்கிய வழக்கால் 1984இல் பதவி விலகினார். 1990இல் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். வரிச்சலுகைக்கும் நகராட்சி வேலைக்கும் லஞ்சம் வாங்கப்பட்டதை விசாரித்த வழக்கில், 2002இல் சதிக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றார்.

மதிப்பீடு

முன்னாள் குற்றவாளிகளும் காவலர்களும் தம் வாயாலேயே பேசுவது தொடரின் பலம். ஊழல் ஒரு தனிமனிதனின் பேராசை மட்டுமன்று, ஊரே பழகிப்போன கொடுக்கல் வாங்கல் என்பது தெளிவாகப் புரிகிறது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. குற்றவாளிகள் நன்றாகக் கதை சொல்கிறார்கள். கேட்பவர் தம்மை மறந்து சிரித்துவிடுகிறார். பணத்தையும் உயிரையும் இழந்தவர்களின் பக்கம் அந்த அளவுக்கு மனத்தில் பதிவதில்லை. நகரத்தைப் புதுப்பித்தவர் என்ற நன்றியுணர்வு ஒரு தலைவரின் குற்றங்களை எவ்வளவு தூரம் மறைக்கும் என்பதே இத்தொடர் எழுப்பும் முக்கியக் கேள்வி. கதையின் விறுவிறுப்பில் அது பின்தங்கிவிடுகிறது. மாணவர்கள் ஒவ்வொரு பகுதியையும் கேட்டு முடித்ததும், "இதில் இழந்தவர் யார்?" என்று தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.