திரைப்பட விமர்சனமும் மாணவரும்

திரைப்படம் ஒன்றைப் பார்த்து அதுபற்றிச் சிறு விமர்சனம் எழுதி வருமாறு வகுப்பிலே பணிக்கும்போது எமது கைக்கு வந்துசேர்வன பெரும்பாலும் இருவகைப்பட்டனவாகவே உள்ளன. ஒரு சாரார் கதையைச் சுருக்கித் தந்து, ஈற்றில் ஒரு நீதியையும் ஒட்டிவிடுவர். மற்றொரு சாரார், முதலாளித்துவத்தின் கொடுமையை இப்படம் தோலுரித்துக் காட்டுகிறது என்று முழங்கிவிட்டு அமைவர். முன்னவரைக் கண்டிக்கத் தயங்காத நாம், பின்னவருக்குத் தாராளமாகப் புள்ளி வழங்கிவிடுகிறோம். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

விற்றோரியோ டி சிக்கா 1948இல் இயக்கிய 'சைக்கிள் திருடர்கள்' என்னும் இத்தாலியப் படத்தை எடுத்துக்கொள்வோம். போருக்குப் பிந்திய உரோமாபுரியிலே, நெடுநாள் வேலையின்றியிருந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் தொழில் கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். அதுவோ அடைவு கடையில் இருக்கிறது. மனைவி மரியா வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை ஈடுவைத்து அதனை மீட்க வழிசெய்கிறாள். வேலைக்குச் சென்ற முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. மகன் புறூனோவுடன் நகரெங்கும் தேடியலைந்த தகப்பன், ஈற்றில் தானே ஒரு சைக்கிளைத் திருடப்போய்ப் பிடிபடுகிறான்.

களவு தீது என்பதா இப்படத்தின் செய்தி? அன்று. சமுதாயமே குற்றவாளி என்பதா? ஆம், ஆயின் அதனை எங்கே கண்டோம்? அடைவு கடைக் காட்சியிலே கண்டோம். மரியாவின் விரிப்புகளைப் பெற்ற ஊழியன் அவற்றை வைப்பதற்காக உயர்ந்த தட்டுகளின்மீது ஏறுகிறான். அடியிலிருந்து உச்சிவரை அவைபோன்ற மூட்டைகளே அடுக்கப்பட்டுள்ளன. ஒரு குடும்பத்தின் இல்லாமை அக்கணமே ஒரு நகரத்தின் இல்லாமையாக விரிகிறது. எவரும் பிரசங்கம் செய்யவில்லை. கமரா அவனைத் தொடர்ந்து மேல்நோக்கியது, அவ்வளவே.

இக்காட்சியைச் சுட்டி, அது தன்னுள் எழுப்பிய எண்ணத்தை ஒரு பந்தியில் எழுதும் மாணவன் விமர்சனத்தின் வாயிலை அடைந்துவிட்டான் எனலாம். அவனுக்கு இன்னுமொரு சோதனை உண்டு. பிடிபட்ட அந்தோனியோவை, அருகே நிற்கும் சிறுவனைக் கண்ட சைக்கிள் உரிமையாளன் மன்னித்து விட்டுவிடுகிறான். முழக்கத்தை மட்டும் கற்றவனுக்கு இம்மனிதனை எங்கே வைப்பதென்று தெரியாது. ஆதலின் விடைத்தாளில் அவனைக் குறிப்பிடாமலே கடந்துவிடுவான். படத்தை உண்மையாகப் பார்த்தவனோ அவ்விடத்தில் தயங்கி நிற்பான். அந்தத் தயக்கத்துக்கே நாம் புள்ளி வழங்குதல் வேண்டும்.

ஆசிரியரின் கருத்தை, அது முற்போக்கான கருத்தே ஆயினும், ஆராயாது ஒப்புவிக்கப் பழகியவன் நாளை வேறு எசமானரின் கருத்தையும் அவ்வாறே ஒப்புவிப்பான். எனவே, படம் என்ன கூறுகிறது என்று மாணவனிடம் வினவுமுன், நீ எதனைக் கண்டாய் என்று வினவுவோம்.