மேட்டுக்குள் மறைந்த சுவர்

ரஷ்யாவின் விளாதிமிர் நகருக்கு அருகே, நேர்ல் ஆற்றோரம் ஒரு சிறிய தேவாலயம். வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. பனி உருகி வெள்ளம் பெருகும்போது, சுற்றிலும் நீர் நிற்க, மேட்டின் மேல் அது மட்டும் மிதப்பதுபோல் தெரியும்.

அந்த மேடு இயற்கையானதல்ல. 1950-களில் தொல்லியலாளர் நிகொலாய் வொரோனின் அகழ்ந்து பார்த்தபோது, சுவர் மண்ணுக்குள் இன்னும் பல அடி இறங்கியிருந்தது. அடித்தளமிட்டு, சுவரைக் கொஞ்சம் எழுப்பி, சுற்றிலும் மண் கொட்டி, மேட்டுக்கே கல் பாவியிருக்கிறார்கள். வெள்ளத்தை அறிந்த கொத்தர்களின் வேலை! கூடவே, தேவாலயத்தைச் சூழ்ந்த ஒரு நடைகூடத்தின் அடித்தளமும் கிடைத்தது. எல்லோரும் வியக்கும் அந்த ஒல்லியான தனிமை ஒருவேளை பிற்காலத்து விபத்தோ? அந்த நடைகூடம் எப்படி இருந்தது என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே இன்னும் தீரவில்லை.

19-ஆம் நூற்றாண்டினருக்கு இத்தகைய சந்தேகங்கள் குறைவு. 1830-களில் விளாதிமிரின் திமித்ரி தேவாலயத்தைப் 'பழைய வடிவுக்கு' மீட்கப்போனவர்கள், பிற்சேர்க்கை என்று நினைத்துப் பக்கக் கோபுரங்களையும் நடைகூடங்களையும் இடித்தார்கள். அவையும் பழையவையே என்று பின்னால் தெரிந்தது. நல்லெண்ணத்தோடு செய்த சேதம்.

யூரியெவ்-போல்ஸ்கி நகரின் கதை வேறு. அங்கே 15-ஆம் நூற்றாண்டில் இடிந்த தேவாலயத்தை 1471-இல் கட்டடக் கலைஞர் யெர்மோலின் மீண்டும் எழுப்பினார். சிற்பக் கற்கள் இடம் மாறின. எந்தக் கல் எங்கே இருந்தது என்று கியோர்கி வாக்னர் போன்ற ஆய்வாளர்கள் தாளில் பொருத்திப் பார்த்தார்கள். சுவர் மட்டும் யெர்மோலின் அடுக்கியபடியே நிற்கிறது.